பழைய கர்னலும் புதிய கர்னலும்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட மாலை வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



நமது சங்க ஆபீசில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லித் தொடங்குகிறோம். போனஸ் பேச்சுவார்த்தைக்கு முதல்நாள் இரவு. மூன்று வருஷத்துச் சம்பளப் பட்டியலும் ஆஜர் கணக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அந்த நேரம் பார்த்து நம் வாலிபத் தோழர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், திரையில் தெரிந்த 'அப்டேட்' பொத்தானை அமுக்கிவிட்டார். மிஷின் நின்று மறுபடி கிளம்பியது. கிளம்பியதும் இன்டர்நெட் இல்லை. வைபை பிடிப்பதற்காகப் பின்னால் ஒரு சின்னக் குச்சி செருகியிருக்கிறோமே, அதை மிஷின் யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது! பட்டியலை வக்கீலுக்கு அனுப்ப வேண்டும். மணியோ பத்து.

உடனே ஆபீசுக்குள் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. "ஓடுகிற மிஷினில் கைவைக்கலாமா? ரிங் பிரேம் ஓடிக்கொண்டிருக்கும்போது எவனாவது ஸ்பானரை எடுப்பானா?" என்று ஒரு கட்சி. "எண்ணெய் போடாமல், பேரிங் மாற்றாமல் எத்தனை நாள் ஓட்டுவாய்? ஒருநாள் ஷிப்ட் நடுவில் பற்றிக்கொண்டு எரியும்" என்று மறு கட்சி. இரண்டு கட்சியிலும் பிட்டர்கள் இருந்தார்கள். ஆகவே இரண்டு கட்சியும் தெரிந்துதான் பேசியது. இந்த விவகாரத்தை இன்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கர்னல் என்பது என்ன?

நம் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். அதன் நடுவில் இருப்பதற்குக் கர்னல் என்று பெயர். கடலையை உடைத்தால் உள்ளே பருப்பு இருக்கிறதல்லவா, அந்தப் பருப்பைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். அது செய்யும் வேலையை ஏரிப் பாசன ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஏரியில் தண்ணீர் இவ்வளவுதான், வயல்கள் அதிகம், எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும். முறை வைத்து மடை திறந்து மடை அடைக்க ஒரு நீர்ப்பாய்ச்சி இருப்பார். கணக்கெழுதும் புரோகிராமுக்கும், கடிதம் அனுப்பும் புரோகிராமுக்கும், படம் காட்டும் புரோகிராமுக்கும் மிஷினின் நேரத்தையும் நினைவிடத்தையும் தட்டையும் முறை வைத்துப் பங்கிடுகிற நீர்ப்பாய்ச்சிதான் கர்னல். ஒருவன் வயலுக்குள் இன்னொருவன் மடை வெட்டாமல் காவல் காப்பதும் அதுவே. அந்தக் காவலில் ஓட்டை விழுந்தால் சங்கதி முற்றிப்போகும்.

1991-ல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரில் லினஸ் டார்வால்ட்ஸ் என்ற மாணவர் இதை எழுத ஆரம்பித்தார். மறு வருஷம் ஜி.பி.எல். என்ற உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது மூலத்தையும் கொடுத்தாக வேண்டும் என்பது அந்த உரிமத்தின் சாரம். இன்று அந்தக் கர்னலின் மூலம் மூன்று கோடி வரிகளைத் தாண்டி நிற்கிறது. 2017 நவம்பரிலிருந்து உலகின் தலைசிறந்த 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் இருப்பவை அத்தனையும் லினக்ஸ். அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் சட்டைப் பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் இதே கர்னல்தான்.

கர்னல் மட்டும் இருந்தால் வேலை நடக்காது. அதோடு ஆயிரக்கணக்கான புரோகிராம்களைச் சேர்த்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று சோதித்து, கட்டாகக் கட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டுக்குத் தொகுப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் எல்லாம் தொகுப்புகள். 2007-ல் சென்னை சி-டாக் நிலையத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டதும் இந்த வகையே.

வேகமும் நிதானமும்

ஏறக்குறைய ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய கர்னல் வெளிவருகிறது. முதல் இரண்டு வாரம் புதிய வேலைகளையெல்லாம் உள்ளே சேர்ப்பார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, வாரம் ஒரு சோதனைப் பதிப்பாக விட்டு விட்டுப் பிழை பார்ப்பார்கள். வருஷத்துக்கு ஐந்தாறு கர்னல். சங்க ஆபீசோ, ஆஸ்பத்திரியோ, ரயில்வேயோ வருஷத்துக்கு ஐந்தாறு தடவை நீர்ப்பாய்ச்சியை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?

ஆகவே சில கர்னல்களை மட்டும் நீண்டகாலத்துக்கு வைத்துப் பராமரிக்கிறார்கள். அதற்குப் புதிய வசதி எதுவும் சேர்க்கமாட்டார்கள். திருத்தங்களை மட்டும் சேர்ப்பார்கள். டெபியன்காரர்கள் அப்படிப்பட்ட ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11-க்கு 5.10, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-க்கு 6.1, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 6.12. ஒரு பதிப்புக்கு மூன்று வருஷம் பிரதான ஆதரவு, அதற்கு மேல் இரண்டு வருஷம் நீண்டகால ஆதரவு.

ரெட் ஹாட் கம்பெனியின் வழி வேறு. 2014 ஜூனில் வந்த அதன் ஏழாவது பதிப்பு 3.10 என்ற கர்னலோடு வந்தது. 2024 ஜூன் வரை, பத்து வருஷம், அதே 3.10. வெளியே எண் மாறவில்லையே தவிர, உள்ளே சம்பளத்துக்கு அமர்த்திய ஆட்கள் ஓயாமல் திருத்தம் செருகிக்கொண்டே இருந்தார்கள். எண்ணைப் பார்த்து "இது பழங்கஞ்சி" என்று சொன்னவர்கள் ஏமாந்தார்கள். உபுண்டுக்காரர்கள் இரண்டு வாசல் வைத்தார்கள். உபுண்டு 22.04-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 5.15 கர்னலிலேயே கடைசிவரை இருக்கலாம். புது மிஷின் வாங்கியவர்கள் 5.19, 6.2, 6.5, 6.8 என்று படிப்படியாக ஏறலாம்.

புதிய கர்னல் எதற்காக வேண்டும் என்று கேட்கலாம். புது மிஷினுக்காக வேண்டும். நேற்று வெளிவந்த லேப்டாப்பின் பாகங்களை மூன்று வருஷத்துக்கு முந்தைய கர்னல் கண்டதில்லை. கர்னலின் மூலத்தில் பெரும்பங்கு இந்த டிரைவர்கள்தான். ஒவ்வொரு பாகத்தையும் ஓட்டத் தெரிந்த சிறு சிறு புரோகிராம்கள்.

பழையதும் நிலையானதும் ஒன்றா?

"பழையது அடிபட்டுத் தேறியது, அதில் ஓட்டை இருக்காது" என்று முதல் கட்சி சொல்கிறது. 2007-ல் 2.6.22 என்ற கர்னலோடு ஒரு ஓட்டை உள்ளே வந்தது. 2016 அக்டோபரில்தான் அடைத்தார்கள். 'டர்ட்டி கௌ' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மிஷினில் சாதாரண உரிமை உள்ள ஒருவன், படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில் எழுதிவிட்டு, முழு எஜமானன் ஆகிவிடலாம். ஒன்பது வருஷம் எல்லோர் வீட்டிலும் திறந்து கிடந்த கொல்லைக் கதவு!

"அப்படியானால் புதியதுதான் பத்திரம்" என்று மறு கட்சி எழுந்து நிற்கும். உட்காருங்கள் தோழரே. 2020 ஆகஸ்டில் வந்த 5.8 கர்னலில், கோடைச் சீரமைத்தபோது ஒரு தவறு நேர்ந்து, 'டர்ட்டி பைப்' என்ற ஓட்டை பிறந்தது. மாக்ஸ் கெல்லர்மன் என்பவர் கண்டுபிடித்தார். வாடிக்கையாளர் ஒருவர், தமக்குக் கிடைத்த பதிவுக் கோப்பு கெட்டிருக்கிறதென்று புகார் செய்தார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பல மாதம் போய் அவர் கர்னலுக்குள் வந்து சேர்ந்தார். 2022 மார்ச்சில் விவரத்தை வெளியிட்டார். 5.10 கர்னலோடு இருந்த டெபியன் 11 மாட்டிக்கொண்டது. 4.19 கர்னலோடு இருந்த டெபியன் 10 தப்பியது. பழையதாக இருந்ததால்தான் தப்பியது!

ஆகவே வயதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஓட்டை தெரிந்ததும் அடைக்க அந்தக் கர்னலுக்கு ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி. கரை பழையதாக இருக்கலாம். கரையில் மழை இரவில் லாந்தரோடு நடக்க ஒருவர் இருக்கிறாரா?

ஒட்டுப் போடுகிற வேலை

இந்த ஒட்டுப் போடும் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இதைச் சுலபம் என்று நினைப்பவர்கள் அதிகம்.

திருத்தம் முதலில் புதிய கர்னலில் செய்யப்படும். அங்கே சேர்ந்த பிறகுதான் பழையதற்குக் கொண்டுவருவார்கள். புது மாடல் ரிங் பிரேமுக்கு வந்த பாகத்தைப் பழைய ரிங் பிரேமில் மாட்டுகிற மாதிரி. நம் மில் ஒர்க்ஷாப் தோழர்களுக்குத் தெரியும். துளை ஒரு நூல் தள்ளியிருக்கும், அராவ வேண்டும், வாஷர் வைக்க வேண்டும். சில சமயம் அந்தப் பாகத்துக்கு ஜோடியாக இன்னொரு பாகம் புது மிஷினில் இருக்கும். அதையும் கழற்றிக் கொண்டுவரவேண்டும் என்று தெரியாமல் இதை மட்டும் மாட்டினால்?

2023 டிசம்பரில் நடந்தது அதுதான். எக்ஸ்ட்-4 என்பது தட்டில் கோப்புகளை எழுதி வைக்கும் முறை. லினக்ஸ் மிஷின்களில் மிகப் பரவலானது. அதில் ஒரு பிழைக்குத் திருத்தம் வந்தது. நல்ல திருத்தம். புதிய கர்னலில் சரியாக வேலை செய்தது. அதை 6.1 வரிசைக்குக் கொண்டுவந்து 6.1.64-ல் சேர்த்தார்கள். ஆனால் அந்தத் திருத்தம் சரியாக ஓடுவதற்கு முன்னதாகச் சேர்ந்திருக்க வேண்டிய வேறொரு மாற்றம் 6.1-ல் இல்லை. விளைவு? சில வகையில் எழுதும்போது, எதுவரை எழுதியாயிற்று என்ற கணக்குத் தவறியது. கணக்குத் தவறினால் அடுத்த வரி தப்பான இடத்தில் விழும். கோப்பு கெட்டுப்போகும். பிழையைத் திருத்த வந்த ஒட்டே பிழையாகிவிட்டது!

அந்தச் சமயத்தில் டெபியன் 12.3 வெளிவர இருந்தது. அதில் இந்தக் கர்னல் இருந்தது. செய்தி தெரிந்ததும் டெபியன் தோழர்கள் (சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் அவர்களில் ஏராளம், ஆகவே தோழர்கள் என்றே சொல்கிறோம்) வெளியீட்டை நிறுத்தினார்கள். "இப்போதைக்கு அப்டேட் செய்யாதீர்கள்" என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். மறுநாளே, டிசம்பர் 10-ந் தேதி, பிழை நீங்கிய 6.1.66 கர்னலோடு 12.4 வெளிவந்தது.

இதில் எங்களுக்குப் பெரிதாகப் படுவது, தவறு நேர்ந்தது அல்ல. நீண்டகாலக் கர்னல், புதிய வசதி கிடையாது, திருத்தம் மட்டும்தான் என்று அத்தனை உறுதி இருந்தும் தவறு வந்தது. மறைக்காமல் சொன்னதால் கெட்டுப்போன தட்டுகள் குறைவாக நின்றன. இதோடு 2024 ஜூலை 19-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். அது லினக்ஸ் அல்ல, விண்டோஸ் மிஷின்கள். கிரௌட்ஸ்டிரைக் என்ற காவல் புரோகிராமின் ஒரு அப்டேட் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் போய் விழுந்தது. 85 லட்சம் மிஷின்கள் படுத்தன, விமானங்கள் நின்றன. முதலில் கொஞ்சம் மிஷினுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதற்கு அனுப்பியிருந்தால் அத்தனை தூரம் போயிருக்காது.

செலவு யாருடையது?

இந்தக் காவல் வேலைக்கு ஆள் வேண்டும் என்றோம். ஆள் எங்கிருந்து வருகிறது? நீண்டகாலக் கர்னலைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்பவர்களில் முக்கியமானவர் கிரெக் குரோவா-ஹார்ட்மன். 2005-ல் இந்தத் திருத்த வரிசை தொடங்கிய நாள்முதல் இருப்பவர். முதலில் இரண்டு வருஷம் என்று இருந்ததை 2017-ல் ஆறு வருஷமாக்கினார்கள். போன் கம்பெனிகளுக்கு அது தேவைப்பட்டது. 2023 செப்டம்பரில் மறுபடி இரண்டு வருஷம் என்ற அடிப்படைக்கே திரும்பப் போவதாகச் செய்தி வந்தது. ஏன்? பராமரிப்பவர்கள் களைத்துவிட்டார்கள். வைத்துக் காத்த மிகப் பழைய கர்னல்களை உபயோகிப்பவர்களும் குறைவு. ஆறு வருஷம் வேண்டும் என்று கேட்ட கைகள் பல; மண்வெட்டி எடுத்து வந்த கைகள் சில. மின் நிலையம், ரயில்வே போன்றவற்றுக்காக சீமென்ஸ், ஹிட்டாச்சி, தோஷிபா முதலிய கம்பெனிகள் 2016-ல் ஒரு கூட்டு முயற்சி தொடங்கி, பத்து வருஷத்துக்குக் குறையாமல் ஒரு கர்னலைக் காக்க ஆள் போட்டன. அவர்களிடம் பணம் இருக்கிறது.

பணம் இல்லாதவர்கள் கதையும் உண்டு. ரெட் ஹாட் தொகுப்பின் மூலத்தை எடுத்துக் கட்டி, சென்ட்ஓஎஸ் என்ற பெயரில் இலவசமாகக் கொடுத்து வந்தார்கள். கல்லூரிகளும் சிறு ஸ்தாபனங்களும் அதை நம்பி மிஷின்களை அமைத்தன. எட்டாவது பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்று சொல்லப்பட்டிருந்தது. ரெட் ஹாட்டை ஐ.பி.எம். வாங்கியது 2019-ல், 3,400 கோடி டாலர். 2020 டிசம்பர் 8-ந் தேதி, ஆதரவு 2021 கடைசியோடு முடிகிறது என்று அறிவிப்பு வந்தது. ஏழு வருஷத்துக்கு மேல் ஒரே அறிவிப்பில் வெட்டினார்கள். நிலைத்தன்மை என்று காகிதத்தில் எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இது உதாரணம். ஆனால் மூலம் கையில் இருந்ததே! மறு வருஷமே ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று இரண்டு தொகுப்புகள் எழுந்தன. 2023 ஜூனில் ரெட் ஹாட் தன் தொகுப்பின் மூலத்தைப் பொதுவில் வைப்பதை நிறுத்தி, வாடிக்கையாளருக்கு மட்டும் என்றது. அதைப் பற்றி வாதப் பிரதிவாதம் எழுந்தது. அதற்குள் இன்று நாம் புக வேண்டாம்.

நம் போன்களைப் பற்றி ஒரு வார்த்தை. கூலி வங்கியில் விழுகிறது, போனில் பார்க்கிறோம். அந்த போனின் கர்னலுக்கு ஓட்டை அடைப்பது விற்ற கம்பெனியின் கையில் இருக்கிறது. விலை குறைந்த போன் என்றால் சீக்கிரம் கைகழுவுகிறார்கள். போன் ஓடுகிறது, கண்ணாடி உடையவில்லை, ஆனால் கரையில் காவலில்லை. வாங்கும்போது எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் தருவாய் என்று கடையில் கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.

நம் ஆபீஸ் மிஷினுக்கு என்ன ஆயிற்று?

அந்த இரவுக்கு வருவோம். லினக்ஸ் கர்னலில் ஒரு விதி உண்டு. புரோகிராம்களைப் பார்த்திருக்கும் வெளிவாசலை மாற்றி, நேற்று ஓடிய புரோகிராமை இன்று ஓடாமல் செய்யக்கூடாது. இதில் டார்வால்ட்ஸ் கறாரானவர். ஆனால் உள்சுவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. வேண்டும்போது இடித்துக் கட்டுவார்கள். கர்னலோடு சேர்ந்து இருக்கும் டிரைவர்களையும் கூடவே மாற்றிவிடுவார்கள்; அவற்றுக்குக் கஷ்டமில்லை. நம் வைபை குச்சியின் டிரைவரோ கர்னலுக்குள் இல்லை. விற்றவர்கள் தனியாகக் கொடுத்ததை நாம் கட்டிப் போட்டிருந்தோம். கர்னல் மாறியதும் அது பொருந்தவில்லை. குற்றம் பாதி குச்சியுடையது, பாதி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிய நம்முடையது.

எப்படித் தப்பினோம்? புதிய கர்னலைப் போடும்போது இந்தத் தொகுப்புகள் பழையதை உடனே அழித்துவிடுவதில்லை. மிஷின் கிளம்பும்போது வரும் பட்டியலில் பழைய கர்னலும் நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்தோம். குச்சி விழித்துக்கொண்டது. பத்தே முக்காலுக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு ஆபீசில் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறோம். தொகுப்பை மாற்றவில்லை, டெபியன்தான். பாதுகாப்புத் திருத்தம் வந்தால் முதலில் வாசக சாலையில் இருக்கும் பழைய மிஷினில் போடுகிறோம். இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆபீஸ் மிஷினுக்கு. போடுவதற்கு முன்னால் கணக்குகளை வெளித்தட்டில் பிரதி எடுக்கிறோம். பேச்சுவார்த்தை, தேர்தல், ஆண்டுக்கூட்டம், இவற்றுக்கு முந்தின நாள் யாரும் கைவைப்பதில்லை. திருத்தம் ரொம்ப அவசரமானதென்று செய்தி வந்தால் இரண்டு நாளும் காப்பதில்லை. அன்றே போடுகிறோம், பிரதி எடுத்துவிட்டு. குச்சியையும் மாற்றியாயிற்று, கர்னலுக்குள்ளேயே டிரைவர் உள்ளதாகப் பார்த்து வாங்கினோம்.

ஒரு தோழர் கேட்டார்: "அப்டேட் போட்ட பிறகும் மிஷினை நிறுத்தாமல் மாதக்கணக்கில் ஓட்டினால்?" நல்ல கேள்வி. புதிய கர்னல் தட்டில் வந்து உட்கார்ந்திருக்குமே தவிர வேலைக்கு வராது. ஓடிக்கொண்டிருப்பது பழையதே. நிறுத்திக் கிளப்பினால்தான் ஆள் மாறும். நிறுத்தாமலே ஒட்டுப் போடும் முறையும் 2015-ல் 4.0 கர்னலோடு உள்ளே வந்துவிட்டது. ஆனால் எல்லாத் திருத்தத்துக்கும் அது உதவாது, நம் போன்ற ஆபீசுக்கு அவசியமும் இல்லை. இரவு விளக்கை அணைக்கும்போது மிஷினையும் நிறுத்திவிட்டுப் போனால் தீர்ந்தது.

இன்னொரு தோழர், தம் மகளுக்கு வாங்கிய புது லேப்டாப்பில் டெபியன் போட்டால் சத்தம் வரவில்லை என்றார். பாகம் புதிது, கர்னல் அதற்கு முந்தியது என்பதாக இருக்கலாம். டெபியனிலேயே 'பேக்போர்ட்ஸ்' என்று ஒரு கிளை இருக்கிறது. மற்றதையெல்லாம் அப்படியே விட்டு, கர்னலை மட்டும் அங்கிருந்து புதிதாக எடுத்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை வாசக சாலைக்கு லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மகளையும் அழைத்து வாருங்கள். போடுவதை அவரே செய்யட்டும். காலியான பென்டிரைவ் ஒன்று வேண்டும்.